இல்லாத சட்டத்துக்குப் பயந்த கதை: அவசர சிகிச்சையின் நான்கு கதவுகள்

கொஞ்ச நாளாக ராத்திரி வேலை முடிந்த பிறகு பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். ஆனால் ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் அதன் அடிவரை போய்ப் பார்க்காமல் தூக்கம் வராது. இந்த முறை புகுந்த கேள்வி இது: அடிபட்டு வரும் ஒருவரை எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று நம் நாட்டில் எப்போது முடிவானது? அப்படி முடிவான பிறகும் ஏன் இத்தனை பேர் வாசல் வாசலாக அலைந்தார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரிதான். 28 ஆகஸ்ட் 1989. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை முழுக்க வேண்டியிருக்கிறது.

நான் புரிந்துகொண்ட வரையில், அடிபட்டவருக்கும் சிகிச்சைக்கும் நடுவே நான்கு கதவுகள் இருந்தன. போலீஸ் காகிதம், படுக்கை பற்றிய தகவல், தூக்கி வருபவரின் பயம், பணம். ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்கள் தட்டித் திறந்தது. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதல் கதவு: போலீஸ் காகிதம்

எண்பதுகளில் தில்லியில் வந்த ஓர் ஆங்கில நாளிதழ்ச் செய்தியில் ஆரம்பிக்கிறது இது. ஸ்கூட்டரில் போன ஒருவரை வேகமாக வந்த கார் அடித்துப் போட்டுவிட்டது. பார்த்த ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினார். அங்கிருந்த டாக்டர்கள், 'இது மெடிக்கோ லீகல் கேஸ், இதைப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடையாது, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அடிபட்டவர் சாவதற்குச் சட்டமே கைகொடுக்கிறது என்கிற அர்த்தத்தில் அந்தச் செய்திக்குத் தலைப்பு வைத்திருந்தார்கள்.

பரமானந்த் கட்டாரா என்ற வழக்கறிஞர் அந்தச் செய்தியை இணைத்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். எதிர்த் தரப்பில் மத்திய அரசு, இந்திய மருத்துவக் கவுன்சில், இந்திய மருத்துவச் சங்கம் எல்லாம் வந்து பதில் சொன்னார்கள். இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். 'ஆமாம், சட்டம் தடுக்கிறது, அதனால்தான் பார்க்க முடியவில்லை' என்று யாரும் வாதாடவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தைப் புரட்டினார்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டினார்கள், மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினார்கள். போலீஸ் வரும்வரை டாக்டர் கை வைக்கக் கூடாது என்று எதிலுமே இல்லை!

அப்போ அந்த டாக்டர்கள் பயந்தது எதற்கு? இல்லாத ஒரு சட்டத்துக்கு. கொஞ்சம் யோசித்தால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. போலீஸ் கேஸைத் தொட்டால் சாட்சி சொல்லப் போகணும், கோர்ட்டில் நாள் முழுக்க உட்காரணும், வாய்தா வாய்தாவாக அலையணும். அந்த அலைச்சலுக்குப் பயந்து உருவான வழக்கம், நாளடைவில் 'ரூல்' ஆகிவிட்டது. ஆபீஸ்களில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் என்றோ எழுதின ஒரு செக், ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எடுக்கவும் யாருக்கும் தைரியம் வராது.

நீதிபதிகள் ரங்கநாத் மிஸ்ரா, ஜி.எல். ஓசா அமர்வு சொன்னதைச் சுருக்கினால் இதுதான். உயிரைக் காப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் கடமை. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, அடிபட்டு வந்தவரை முதலில் பார்த்தாக வேண்டும். நடைமுறை விதிகள் எதுவும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது. அதோடு நிற்காமல், டாக்டர்களைத் தேவையில்லாமல் சாட்சிக்குக் கூப்பிட்டுக் காக்க வைக்காதீர்கள் என்று போலீஸுக்கும் கோர்ட்டுகளுக்கும் சொன்னார்கள். அதாவது பயத்தின் வேரையும் பார்த்தார்கள். தீர்ப்பை தூர்தர்ஷனிலும் வானொலியிலும் சொல்லுங்கள், எல்லா மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள் என்றும் உத்தரவிட்டார்கள். இல்லாத சட்டத்தை ரத்து செய்ய முடியாதே. 'அப்படி ஒன்று இல்லை' என்று ஊருக்கெல்லாம் சொல்லத்தான் முடியும்.

1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவிலேயே இதைச் சேர்த்தார்கள். எந்தச் சம்பிரதாயத்துக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தருவது பணியில் இருக்கும் டாக்டரின் கடமை என்று. நம்ம ஊர் ஜி.எச்.களில் ஏ.ஆர். எண்ட்ரி போடுகிறார்கள் இல்லையா, அது சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டிய ஒரு பதிவு. அது முடிந்தால்தான் சிகிச்சை என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

இரண்டாம் கதவு: எங்கே இடம் இருக்கு?

சரி, டாக்டர் பார்க்கத் தயார். ஆனால் படுக்கை இல்லை என்றால்?

8 ஜூலை 1992, இரவு ஏழே முக்கால் மணி வாக்கில், மேற்கு வங்கத்தின் மதுராப்பூர் ஸ்டேஷனில் ஹக்கீம் ஷேக் என்பவர் ஓடும் ரயிலிலிருந்து விழுந்துவிட்டார். விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர். தலையில் பலத்த அடி. மதுராப்பூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். நள்ளிரவு நெருங்கும்போது கொல்கத்தாவின் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 'உடனே சேர்க்க வேண்டிய கேஸ்' என்று எழுதினார்கள். ஆனால் படுக்கை காலி இல்லை. அடுத்த மருத்துவமனை, இடமில்லை. அதற்கடுத்தது, அந்த வசதி எங்களிடம் இல்லை. இப்படியே விடிந்துவிட்டது. காலையில் பாங்கூர் நரம்பியல் நிலையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிந்தது. அங்கேயும் படுக்கை இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவானது. 1992இல் ஒரு விவசாயக் கூலிக்கு 17,000 ரூபாய் என்றால் என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பிழைத்தார். அவருடைய சங்கம் வழக்குப் போட்டது. 6 மே 1996 அன்று தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவமனை நேரத்துக்குச் சிகிச்சை தராமல் விட்டது 21ஆம் பிரிவை மீறியது, அவருக்கு 25,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுங்கள் என்றார்கள். 'நிதி இல்லை' என்பதைக் காரணமாகச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னார்கள்.

என்னை உட்கார வைத்தது இதற்கு அடுத்த பகுதி. என்னென்ன செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் ஒரு பட்டியலே போட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதற்கட்ட சிகிச்சைக்கு வசதி. மாவட்ட, உட்கோட்ட மருத்துவமனைகளில் கூடுதல் வசதி. கருவிகளோடும் ஆட்களோடும் ஆம்புலன்ஸ். அப்புறம், எந்த மருத்துவமனையில் படுக்கை காலியாக இருக்கிறது என்று தெரிந்து நேராக அங்கே அனுப்ப மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பாஷையில் சொன்னால் இது ஒரு ரூட்டிங் பிரச்சினை. அந்த ராத்திரி கொல்கத்தாவில் டாக்டர் இருந்தார், எக்ஸ்ரே இருந்தது, ஸ்கேன் இருந்தது. எது எங்கே காலியாக இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள்தான் இல்லை. அதனால் உயிருக்குப் போராடுகிறவரே வாசல் வாசலாகப் போய் 'இடம் இருக்கா' என்று கேட்க வேண்டியிருந்தது.

இந்தக் கதவு கோர்ட்டால் திறக்கவில்லை. 15 ஆகஸ்ட் 2005 அன்று ஹைதராபாத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜு. ஆமாம், அதே ராஜுதான். 2009 ஜனவரியில் கணக்கில் மோசடி செய்ததாக ஒப்புக்கொண்டு செய்திகளில் அடிபட்டவர். அவர் நிறுவனம் கவிழ்ந்தபோது இந்தச் சேவையும் கவிழ்ந்துவிடுமோ என்று பயம் இருந்தது. ஜி.வி.கே. குழுமம் எடுத்துக்கொண்டது, வண்டிகள் நிற்கவில்லை. அதற்குள் மாநில அரசுகள் செலவை ஏற்கத் தொடங்கியிருந்ததுதான் அதற்கு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் 15 செப்டம்பர் 2008 அன்று 108 வந்தது. ஒரே எண், ஒரே கால் சென்டர், காசு கிடையாது. ஓட்டுநரை அவர்கள் 'பைலட்' என்பார்கள். பின்னால் அடிபட்டவரோடு இருப்பவர் ஈ.எம்.டி., அதாவது அவசர மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் என்றால் ஸ்ட்ரெச்சர் வைத்த வேன். வேகமாகப் போகும், அவ்வளவுதான். இப்போது சிகிச்சை வண்டியிலேயே ஆரம்பிக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்வதும் வண்டியில் இருப்பவருக்குத் தெரிந்த விஷயம். 1996 தீர்ப்பின் பட்டியலில் இருந்த இரண்டு வரிகள் நம் ஊர் ரோட்டில் ஓட 12 வருடம் ஆகியிருக்கிறது.

இதற்கு ஒரு கிளை கடல் தாண்டியும் போனது. இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஓடும் 'சுவசெரிய' இலவச ஆம்புலன்ஸ், இந்திய நிதியுதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. மாதிரி நம்ம 108தான்.

மூன்றாம் கதவு: தூக்கி வருபவரின் பயம்

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் ரோட்டில் நிற்பவர் யார்? நீங்களும் நானும். நம்மில் எத்தனை பேர் வண்டியை ஓரம் கட்டுவோம்? 'போலீஸ் கேஸாயிடும் சார், நமக்கு எதுக்கு வம்பு.' இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

2007இல் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் விபத்தில் அடிபட்டு, வெகு நேரம் யாரும் உதவாமல் இறந்துபோனான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி ஆரம்பித்ததுதான் 'சேவ்லைஃப்' அமைப்பு. 2012இல் இவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2015இல் மத்திய அரசு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 30 மார்ச் 2016 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை எல்லா மாநிலங்களும் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்றது. 2019 திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாக மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர், பெயரோ முகவரியோ சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே கிளம்பலாம். அவரை நிறுத்தி வைக்கக் கூடாது. உறவினராக இல்லாத பட்சத்தில் அவரிடம் பணம் கேட்கக் கூடாது. சாட்சி சொல்வது அவர் விருப்பம். இதையெல்லாம் மருத்துவமனை வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும். நான் கண்ணில் பட்ட மருத்துவமனைகளில் எல்லாம் தேடிப் பார்க்கிறேன். சில இடங்களில் இருக்கிறது, செடித்தொட்டிக்குப் பின்னால்.

நான்காம் கதவு: பணம்

இனிமேல்தான் நிஜமான கதவு.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் டீமில் ஒரு பையன். பைக்கில் வரும்போது லாரி உரசி விழுந்துவிட்டான். பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம், பெயர் வேண்டாம். கட்டுப் போட்டார்கள், ரத்தத்தை நிறுத்தினார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் கேஷ் கவுண்டரைக் காட்டினார்கள். மூன்று பேர் கார்டைத் தேய்த்தோம். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அன்றைக்கு அவனோடு வந்த மூன்று பேரிடமும் கிரெடிட் கார்டு இருந்தது என்பது வெறும் தற்செயல். கட்டட வேலைக்கு வந்த ஒரு பீகார் பையன் அதே இடத்தில் விழுந்திருந்தால்?

1989 தீர்ப்பு 'பார்த்தே ஆகணும்' என்றது. யார் செலவில் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1986இலேயே ஒரு சட்டம் வந்தது. மெடிகேர் பணம் வாங்கும் எந்த மருத்துவமனையும், அவசரப் பிரிவுக்கு வருபவரைக் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிர் ஆபத்து நீங்கும்வரை சிகிச்சை தர வேண்டும் என்று. நல்ல சட்டம். ஆனால் அதற்கான செலவை யார் தருவது என்று அதிலும் இல்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனதும் பில் பின்னாலேயே வரும். 2006இல் நம் சட்ட ஆணையமும் தன் 201ஆவது அறிக்கையில் அவசர சிகிச்சைக்கென்று ஒரு தனி மாதிரிச் சட்டமே எழுதிக் கொடுத்தது. அறிக்கை அறிக்கையாகவே இருந்தது.

சமீபத்திய உதாரணம் ராஜஸ்தான். 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேற்றினார்கள். முன்பணம் கேட்காமல் அவசர சிகிச்சை தர வேண்டும், நோயாளியால் கட்ட முடியாவிட்டால் அரசு தரும் என்றது சட்டம். தனியார் டாக்டர்கள் பெரிய வேலை நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். 'அரசு தரும்' என்ற சொல்லில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. எப்போது தரும், எவ்வளவு தரும்? ஏப்ரல் தொடக்கத்தில் சமரசம் ஆனது, சட்டம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்பது சுருங்கிவிட்டது. டாக்டர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு சின்ன நர்சிங் ஹோம் நடத்துபவரின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான்.

அதனால்தான் 18 டிசம்பர் 2021 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தை நான் முக்கியமான திருப்பமாகப் பார்க்கிறேன். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும். தொடக்கத்தில் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய், பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். 81 வகைச் சிகிச்சை முறைகளுக்கு விலை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் பட்டியலில் உண்டு. அடிபட்டவரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. எந்த மாநிலம், எந்த நாடு என்றும் கேட்பதில்லை. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தால் போதும். அந்த பீகார் பையனுக்கும் இது பொருந்தும்.

இதில் வித்தியாசம் என்ன? கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு, பணம் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரியும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்றும் தெரியும். அவர் நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பட்டியலைப் பார்த்தால் போதும்.

மத்தியில் இதே விஷயம் எப்படி ஊர்ந்தது என்றும் பாருங்கள். 2019 திருத்தத்தில் 162ஆம் பிரிவு, 'கோல்டன் ஹவர்' எனப்படும் முதல் ஒரு மணி நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்தப் பிரிவு அமலுக்கு வந்தது 1 ஏப்ரல் 2022. திட்டம் வரவில்லை. இதை விடாமல் துரத்திய வழக்கு 'எஸ். ராஜசேகரன் எதிர் இந்திய ஒன்றியம்'. மனுதாரர் யார் என்று பார்த்தால், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் ராஜசேகரன்! 2012இல் போட்ட வழக்கு. 8 ஜனவரி 2025 அன்று உச்ச நீதிமன்றம், மார்ச் 14க்குள் திட்டத்தைக் கொண்டு வாருங்கள் என்று கெடு வைத்தது. கெடு தாண்டியது, அதிகாரிகளை நீதிமன்றம் கண்டித்தது, கடைசியில் 2025 மே மாதம் அறிவிக்கை வந்தது. 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, நாடு முழுக்க.

1989இலிருந்து 2025. முப்பத்தாறு வருடம்.

இன்னும் மூடியிருப்பது

கவனித்தீர்களா, நான்காம் கதவு திறந்தது சாலை விபத்துக்கு மட்டும்தான். நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது, இதற்கெல்லாம் 108 வரும், ஜி.எச். பார்க்கும். ஆனால் பக்கத்தில் இருப்பது தனியார் மருத்துவமனை மட்டும்தான் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்ற கேள்விகள் திரும்ப வந்துவிடுகின்றன. மாரடைப்புக்கும் முதல் சில மணி நேரம்தான் கணக்கு. விபத்துக்குப் போட்ட அதே விலைப்பட்டியல், அதே முன் ஏற்பாடு இதற்கு ஏன் முடியாது? செலவு அதிகம், உண்மைதான். ஆனால் எப்படிச் செய்வது என்று இப்போது நமக்குத் தெரியும். 1989இல் அது தெரியாது.

அதுவரை, கையில் இருப்பதையாவது எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்வோம். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் நான் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்:

1. கார் இருந்தாலும் முதலில் 108ஐ அழையுங்கள். தலையிலோ முதுகிலோ அடிபட்டவரைக் காரில் மடக்கிப் போடுவதே ஆபத்து. ஈ.எம்.டி.க்குத் தூக்கத் தெரியும், எங்கே போவது என்றும் தெரியும்.

2. 'போலீஸ் வரட்டும்' என்று யாராவது சொன்னால், சண்டை போடாமல், சிகிச்சையை ஆரம்பிக்கச் சொல்லி ஏ.ஆர். பதிவைக் கூடவே போடச் சொல்லுங்கள்.

3. நீங்கள் வழிப்போக்கர் என்றால் பெயர் சொல்ல வேண்டியதில்லை, பணம் கட்ட வேண்டியதில்லை. இதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லலாம்.

4. விபத்து தமிழ்நாட்டில் என்றால் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இந்த ஆஸ்பத்திரி நம்மைக் காக்கும் 48ல இருக்கா?'

பின்குறிப்பு: உங்கள் ஊர் மருத்துவமனை வாசலில் மூன்றாவது விஷயம் எழுதின போர்டு இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். செடித்தொட்டி மறைத்தால் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.